வில்லன் யாரென்று முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வெளியிடும் பெரிய நிறுவனங்களின் ஆசிரியர் குழுக்களுக்கு,

2018 ஜூலையில் மார்வெலின் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' இதழ் மறுபடியும் ஒன்றாம் எண்ணில் தொடங்கியது. அந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே உடம்பு முழுக்கத் துணி சுற்றிக்கொண்டு, மேலே பூரான்கள் ஊர, ஒருவன் வந்து நின்றான். கிண்ட்ரெட் என்று பெயர். ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரின் ரகசியங்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். பீட்டர் ஏதோ ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். யார் இவன் என்பதுதான் கதையே. அதற்கு 2020ல் ஒரு பதில் சொன்னீர்கள், 2021ல் அந்தப் பதிலை எடுத்துவிட்டு வேறொரு பதில் சொன்னீர்கள், அதுவரை நாங்கள் ஒவ்வொரு இதழையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். கிண்ட்ரெட்டால்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் புகார் அவனோடு முடியவில்லை. வில்லன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்யாமலேயே கதையைத் தொடங்குவது, நடுவில் ஆள் மாறினால் வில்லனையும் மாற்றுவது, இந்தப் பழக்கம் உங்களிடம் நாற்பது வருடமாக இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் கிண்ட்ரெட்டுக்காகவே ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டார். இடது பக்கத்தில் இதழின் எண்ணும் அதில் கிண்ட்ரெட் பேசிய வசனமும், வலது பக்கத்தில் அது யாரைக் காட்டுகிறது என்ற அவருடைய கணிப்பும். அவர் பச்சை மையில் எழுதுவார், நான் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகும்போது நீல மையில் குறுக்கே எழுதுவேன். ஒரு வசனத்துக்கு மூன்று பக்கம் சண்டை போட்டிருக்கிறோம். 50ஆம் இதழில் ஹாரி ஆஸ்போர்ன் என்று காட்டினீர்கள். சரி, பொருந்தியது. பீட்டரின் உயிர் நண்பன், அப்பா நார்மன் ஆஸ்போர்ன்தான் கிரீன் காப்ளின் என்ற பழைய வில்லன், 1993ல் இறந்து பல வருடம் கழித்து உயிரோடு திரும்பி வந்தவன், அந்தத் திரும்பி வந்ததில் ஏதோ ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று எங்களுக்கு எப்போதும் உறுத்தியதுதான். பீட்டருக்கு வேண்டியவர்களாக இருந்து செத்தவர்களின் சடலங்களைத் தோண்டியெடுத்து ஒரு சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார வைத்திருப்பான். அந்தக் காட்சி அருவருப்பாக இருந்தாலும் அதைச் செய்வது ஹாரி என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அந்த மேஜையில் இருப்பவர்களை ஹாரிக்கும் தெரியும்.

அப்புறம் 2021ல் அந்தத் தொடர் முடியும்போது என்ன சொன்னீர்கள்? இத்தனை வருடம் பார்த்த ஹாரி ஹாரியே இல்லை, குளோன். உண்மையான ஹாரி 1993லேயே போய்விட்டான். கிண்ட்ரெட் என்பது ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர், கேப்ரியல், சாரா, அவர்களும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்கள். இதற்கெல்லாம் பின்னால் மெஃபிஸ்டோ என்ற சாத்தான். நண்பர் அன்றைக்கு நோட்டைத் திறந்து ஒவ்வொரு பச்சை வரியாகப் படித்தார். நட்பைப் பற்றிப் பேசிய வசனங்கள், பழைய வீட்டைப் பற்றிப் பேசிய வசனங்கள், ஒன்றும் நிற்கவில்லை. இந்த இரண்டு பேருக்கும் பீட்டரோடு என்ன வழக்கு என்று கேட்டால் பதில் கதைக்குள் இல்லை. கதைக்கு வெளியே இருக்கிறது. 2004ல் நீங்களே ஒரு கதை போட்டீர்கள், பீட்டரின் இறந்துபோன காதலி குவென் ஸ்டேசிக்கும் நார்மன் ஆஸ்போர்னுக்கும் இதே கேப்ரியல், சாரா என்ற இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததாக. வாசகர்கள் அதை ஏற்கவே இல்லை. அந்தக் கறையைத் துடைக்க ஒரு துணி வேண்டியிருந்தது, அந்தத் துணியைத்தான் கிண்ட்ரெட்டின் உடம்பில் சுற்றிவிட்டீர்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாமல் போய், உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை அவன் வாயில் வசனமாக வைத்துவிட்டீர்கள்.

மோசமாக யோசிக்கப்பட்ட வில்லன் என்று நான் சொல்வது இதைத்தான். அவன் உடை கேவலமாக இருக்கலாம், பெயர் அசட்டுத்தனமாக இருக்கலாம், அதெல்லாம் பெரிய குற்றம் இல்லை. எட்டு இரும்புக் கைகளோடு திரியும் குண்டு விஞ்ஞானியை அறுபது வருடமாக நாங்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்... மன்னிக்கவும், நான்கு கைதான், சொந்தக் கை கால்களோடு சேர்த்தால் எட்டு. கதை தொடங்குவதற்கு முன்பே அவனுக்கென்று ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். ஹீரோ அந்தப் பக்கம் வராவிட்டாலும் அவன் அதைச் செய்துகொண்டிருப்பான் என்று எங்களுக்குத் தோன்ற வேண்டும். அது இல்லாதவன் எவ்வளவு பேரைக் கொன்றாலும் வில்லன் ஆக மாட்டான்.

உங்களுக்கே இது தெரியும் என்பதுதான் என் ஆற்றாமை. ஸ்பைடர்மேனின் இன்னொரு வில்லன் ஹாப்காப்ளினை நினைத்துப் பாருங்கள். 1983ல், ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய 238ஆம் இதழில் வந்தவன். நான் அவனை முதலில் சந்தித்தது மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில், தொண்ணூறுகளின் நடுவில், அட்டை கிழிந்துபோன 245ஆம் இதழில். முன்பின் தெரியாது, பக்கம் ஒன்றிலிருந்து கதை ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடி முன்னால் போய்ப் படித்தேன். ஒரு சில்லறைத் திருடன் ஸ்பைடர்மேனிடமிருந்து தப்பிச் சாக்கடைக்குள் ஓடும்போது நார்மன் ஆஸ்போர்னின் பழைய மறைவிடத்தில் போய் விழுகிறான். அந்தத் தகவலைக் கொண்டுபோய் யாரோ ஒருவரிடம் கொடுக்கிறான். அந்த யாரோ ஒருவரின் முகத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள். தகவல் கொடுத்தவனைத் தீர்த்துக்கட்டிவிட்டு, உடையையும் ஆயுதங்களையும் எடுத்துக்கொள்கிறான். கிரீன் காப்ளினின் பச்சை ஊதா உடையை ஆரஞ்சும் நீலமுமாக மாற்றிக்கொள்கிறான்.

இனிமேல்தான் முக்கியம். ஆஸ்போர்னுக்கு அசுர பலம் கொடுத்த அதே ரசாயனம்தான் அவருக்குப் பைத்தியமும் பிடிக்கவைத்தது என்பது இவனுக்குத் தெரியும். அதனால் அவசரப்பட்டுத் தன் உடம்பில் அதை ஏற்றவில்லை. லெஃப்டி டோனவன் என்ற அடியாளை அதற்குள் தள்ளி, அவனுக்கே தன் உடையை மாட்டி, ஸ்பைடர்மேனோடு மோத அனுப்பி, தூரத்திலிருந்து கருவிகளில் பார்த்துக்கொண்டே இருக்கிறான். லெஃப்டி தோற்று, உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்ற நேரத்தில் அவன் நிற்கும் கிளைடர் என்ற பறக்கும் வாகனத்தைத் தொலைவிலிருந்தே கட்டிடத்தில் மோதவைத்து முடித்துவிடுகிறான். தேவையான கணக்கு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அப்புறம்தான் தன் மேல் பரிசோதனை. பின்னால் ஆஸ்போர்னின் ரகசியக் கோப்புகளை வைத்து ஊர்ப் பணக்காரர்களை மிரட்டுகிறான். இவனுக்கு ஸ்பைடர்மேன் மேல் சொந்தப் பகை எதுவும் கிடையாது, அவர் குறுக்கே வருகிறார், அதுதான் தொந்தரவு. முகமே தெரியாத ஒருவனை இவ்வளவு நன்றாக எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது.

ஏன் தெரிந்தது என்றால், எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெர்ன் மனதில் ஆள் யார் என்பது இருந்தது. ரோடரிக் கிங்ஸ்லி என்ற ஃபேஷன் தொழிலதிபர், அடுத்தவன் உழைப்பைத் திருடியே மேலே வந்தவர், ஸ்டெர்னே 1980ல் அறிமுகப்படுத்திய பாத்திரம். ஆனால் 1984ல் ஸ்டெர்ன் அந்த இதழை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஒவ்வொருவரும் மனதில் ஒவ்வொரு ஆளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு திசையில் துப்பு வைத்தார்கள், நடுவில் ஆசிரியரும் மாறினார், கடைசியில் 1987ல் 289ஆம் இதழில் நெட் லீட்ஸ் என்று முடித்தீர்கள். பத்திரிகையாளர் நெட் லீட்ஸ். அவர் அதற்கு முன்பே வேறொரு சிறப்பிதழில், பெர்லினில் ஒரு ஓட்டல் அறையில், கொல்லப்பட்டுவிட்டார். அதாவது எங்களுக்கு வில்லனின் முகமூடி கழன்றபோது உள்ளே ஒரு பிணம்தான் இருந்தது. நான்கு வருடத்துச் சஸ்பென்சின் முடிவில் ஹீரோவும் வில்லனும் நேருக்கு நேர் நிற்கும் ஒரு பக்கம்கூட இல்லை. கார்களைத் தூக்கி எறியும் பலம் உள்ளவனைக் கூலிக்கு வந்த சாதாரண ஆட்கள் எப்படி அமுக்கிக் கொன்றார்கள் என்ற கேள்வியைப் பள்ளிக்கூடப் பையன்கள்கூடக் கேட்டார்கள்.

இந்த ஓட்டையை வைத்துத்தான் பத்து வருடம் கழித்து, 1997ல், ஸ்டெர்ன் திரும்பி வந்து மூன்றே இதழில் கிங்ஸ்லிக்கு அவருடைய முகமூடியை மீட்டுக் கொடுத்தார். அந்த மூன்று இதழ்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் 1984ல் ஒரு தாளில் ஒரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்தவரிடம் கொடுத்து, இதை மாற்றக்கூடாது என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதற்கு வேலையே இருந்திருக்காது.

இது ஒரு நிறுவனத்தின் வியாதி மட்டும் இல்லை. எதிர்த் தரப்பான டிசியில் 1991ல் என்ன நடந்தது? அந்த வருடத்து ஆண்டு மலர்கள் முழுக்க ஒரே கேள்வி. எதிர்காலத்தில் உலகத்தை அடிமைப்படுத்தி ஆளும் மோனார்க் என்ற கவசக்காரன் இன்றைய ஹீரோக்களில் ஒருவன்தான், அவன் யார்? அருமையான கேள்வி, உண்மையாகவே. நமக்குப் பிடித்தவர்களில் யாரோ ஒருவர் கெட்டுப்போகப் போகிறார் என்று தெரிந்துகொண்டு ஒவ்வொரு மலராகப் படிப்பதில் ஒரு பதைப்பு இருந்தது. கேப்டன் ஆட்டம் என்ற ஹீரோதான் அவன் என்பதுதான் திட்டம், துப்புகளும் அவரை நோக்கித்தான் இருந்தன. கடைசி இதழுக்கு முன் விஷயம் கசிந்துவிட்டது. உடனே அவசர அவசரமாக மாற்றி, ஹாக், டவ் என்ற ஹீரோ ஜோடியில் ஹாக்கைப் பிடித்து அந்தக் கவசத்துக்குள் அடைத்தீர்கள். அந்த இருவரின் ஆண்டு மலரிலேயே, இந்த ஹாக் மோனார்க்கை எதிர்த்து நிற்பவனாக எதிர்காலத்தில் காட்டியிருந்தீர்கள். அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லையா?

விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்பதற்காகக் கதையை மாற்றுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊர்க் கூத்தில் துரியோதனன் யார் கையில் சாவான் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்? படுகளம் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். ஆள் யார் என்று தெரிந்த பிறகும் அவன் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று பார்க்க நாங்கள் வருவோம். வருவதற்கு அப்படி ஒரு பாதை கதையில் இருக்க வேண்டும். ஹாக்குக்கு அது இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அச்சுக்குப் போவதற்குச் சற்று முன்புதான் அவனே வில்லன் ஆனான்.

பாதை இல்லாத இன்னொருவர் ஹால் ஜோர்டன். இவர் விஷயத்தில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம், ஏனென்றால் இங்கே விதை நன்றாகவே இருந்தது. 1959லிருந்து கிரீன் லேண்டர்ன், அதாவது சக்தி மோதிரம் அணிந்த விண்வெளிக் காவலர்களில் ஒருவர், பயமே அறியாதவர் என்று பெயர் எடுத்தவர். 1993ல் அவருடைய ஊரான கோஸ்ட் சிட்டி எழுபது லட்சம் பேரோடு அழிக்கப்படுகிறது. 1994ன் முதல் இதழில், அந்த வெறும் பள்ளத்தில் நின்றுகொண்டு, மோதிரத்தின் சக்தியால் ஊரை அப்படியே மறுபடி எழுப்புகிறார். தெரு, வீடு, பழைய காதலி, இறந்துபோன அப்பா. எல்லாம் பச்சை ஒளியில் செய்த பொம்மைகள் என்று அவருக்கே தெரியும், ஆனாலும் அப்பாவோடு பேசுகிறார். சக்தி தீர்ந்ததும் எல்லாம் கலைகிறது. சொந்த உபயோகத்துக்கு மோதிரத்தைப் பயன்படுத்தினாய், வந்து விசாரணைக்கு நில் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. துக்கத்தில் இருப்பவனிடம் சட்டம் பேசுகிறார்கள். இந்த ஒரு இடத்தைப் படித்தபோது, இவன் இனி என்ன செய்தாலும் எனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

அடுத்த இதழிலேயே சக லேண்டர்ன்களை ஒவ்வொருவராக அடித்து வீழ்த்தி மோதிரங்களைப் பிடுங்குகிறார். அதற்கடுத்த இதழில் பழைய தோழன் கிலோவாக்கைக் கொல்கிறார், பழைய எதிரி சினெஸ்ட்ரோவின் கழுத்தை முறிக்கிறார், எல்லா சக்தியையும் எடுத்துக்கொண்டு பேரலாக்ஸ் என்ற வில்லன் ஆகிவிடுகிறார். மூன்று இதழ், முப்பத்தைந்து வருடத்து மனிதன் காலி. 50ஆம் இதழுக்குள் புது இளைஞன் ஒருவன் கையில் மோதிரம் போய்ச் சேர வேண்டும், விற்பனை ஏற வேண்டும், அதற்குத்தான் இத்தனை வேகம். அந்த மூன்று இதழுக்கும் முதலில் போட்டிருந்த திட்டமே வேறு கதை. இரண்டு வருடம் கொடுத்திருந்தால், ஊரைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக ஒவ்வொரு நண்பனாக இழக்கும் ஒருவனை மெல்ல மெல்லக் காட்டியிருந்தால், காமிக்ஸ் கண்ட மிகப் பெரிய வில்லன்களில் ஒருவராக ஹால் நின்றிருப்பார். வாசகர்கள் சங்கம் வைத்துச் சண்டை போட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2004ல், அது அவர் செய்ததே இல்லை, பயத்தின் உருவமான ஒரு மஞ்சள் ஜந்து உள்ளே புகுந்துகொண்டு செய்தது என்று மாற்றினீர்கள். ஹீரோ சுத்தமானார், சரி. ஆனால் அந்தப் பள்ளத்தில் அப்பாவின் பொம்மையோடு பேசிய மனிதனின் துக்கத்துக்கு மதிப்பில்லாமல் போனது. பூச்சி புகுந்தவனுக்கு என்ன துக்கம்?

அதே 1994ல், அதே கிரீன் லேண்டர்ன் தொடரில், புது லேண்டர்னின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் அடைத்த வில்லன் ஒருவன் வந்தான். மேஜர் ஃபோர்ஸ். அவனைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை, அதுதான் பிரச்சினை. கெட்டவன் என்று காட்ட ஒரு பெண்ணின் சாவு போதும் என்று நினைத்தீர்கள். 1999ல், பின்னால் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் இப்படிச் செத்த, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் நீண்ட பட்டியலைத் தொகுத்தபோது இந்தக் குளிர்சாதனப் பெட்டியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு வில்லன் என்றால் என்ன என்று கற்றுக் கொடுத்தவை பிரிட்டிஷ் வார இதழ்களில் வந்த தொடர்கள். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. மூலத்தில் அது 1962ல் தொடங்கிய கதை. அந்த மாயாவி முதல் கதையில் ஹீரோ கிடையாது. விபத்தில் கையை இழந்த ஒரு ஆய்வுக்கூட உதவியாளன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர மற்ற உடம்பு மறைந்துவிடுகிறது என்று கண்டுபிடித்ததும் புத்தி கெட்டுத் திருடப் போகிறான். பின்னால்தான் நிழற்படையின் உளவாளி எல்லாம். கூர்மண்டை ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு ஆள்) அப்படித்தான், 1965ல் மூலத்தில் வந்தபோது அவனுடைய லட்சியம் உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது. அதற்குப் பூட்டுத் திறப்பவன் ஒருவன் வேண்டும், விஞ்ஞானி ஒருவர் வேண்டும், ஆர்டினியையும் பெல்ஹாமையும் போய்த் தேடிப் பிடிக்கிறான். வாடகை நூலகத்தில் நாள் வாடகைக்கு எடுத்துப் படித்த எனக்கு, பத்து வயதில், அவனுக்கு என்ன வேண்டும் என்பதில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. வாரம் சில பக்கங்கள், மலிவான தாள், சிறுவர்களுக்காக எழுதியது. அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை?

மாத இதழ், பல கைகள் மாறும், விற்பனை அழுத்தம் இருக்கும், எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது என்று நீங்கள் சொல்லலாம். கை மாறுவதே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்-மென் கதைகளில் வரும் வில்லன் மேக்னீட்டோ கை மாறித்தான் மேக்னீட்டோ ஆனார். 1963ல் முதல் இதழில் வந்தபோது அவர் உலகத்தைப் பிடிக்க வந்த இன்னொரு கத்தல் ஆசாமி. அடுத்த வருடம் தன் கூட்டத்துக்கு அவரே வைத்த பெயரில் 'தீய' என்ற சொல் இருந்தது. எந்த மனிதன் தன் கூட்டத்தைத் தீயவர்கள் என்று அழைப்பான்? தான் செய்வது நியாயம் என்று நம்பாத ஒருவனை வில்லனாக நிறுத்தினால் அவன் வெறும் அட்டைப் பொம்மைதான்.

1975ல் எக்ஸ்-மென் எழுத கிறிஸ் கிளேர்மான்ட் வந்தார். 1981ல் 150ஆம் இதழ். அதில் ஒரு பக்கத்தை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. தன் இயந்திரங்களை நாசம் செய்த ஒருத்தியை ஆத்திரத்தில் தாக்குகிறார் மேக்னீட்டோ. அவள் சுருண்டு விழுகிறாள். கிட்ட போய்ப் பார்க்கிறார், எக்ஸ்-மென் குழுவின் பதின்மூன்று வயது கிட்டி பிரைட். செத்துவிட்டாள் என்றே நினைக்கிறார். சண்டையை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அங்கேதான் அவர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமில் வளர்ந்தவர் என்று தெரிகிறது. பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மியூட்டன்ட்களான தன் இனத்தை இன்னொரு முறை யாரும் வரிசையில் நிறுத்தி அழைத்துப் போகக்கூடாது என்பதற்காகக் கிளம்பியவர், ஒரு சிறுமியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து நடுங்குகிறார். அதே இதழில்தான் ஒரு சோவியத் நீர்மூழ்கியை அதில் இருந்த அத்தனை பேரோடும் மூழ்கடித்தார். அதை யாரும் அழிக்கவில்லை, பூசி மெழுகவில்லை, 1985ல் 200ஆம் இதழில் பாரிசில் விசாரணைக் கூண்டில் நிற்க வைத்தார்கள். முன்னால் எழுதியதை எதையும் பொய் ஆக்காமல், அதற்கு அடியில் ஒரு காரணத்தைக் கொண்டுபோய் வைத்தார் கிளேர்மான்ட். கை மாறினால் இப்படி மாற வேண்டும்.

அப்புறம் 2003ல் அதே மேக்னீட்டோ மன்ஹாட்டனைப் பிடித்து, மனிதர்களை எரிஉலைக்கு நடத்திக்கொண்டு போனார். எழுதியவருக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கும், வயதான தீவிரவாதியின் வெறுமையைக் காட்ட நினைத்திருக்கலாம், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் ஆஷ்விட்சிலிருந்து வந்த ஒருவன் எரிஉலையைத் திறக்கிறான் என்றால் அதற்கு முன்னால் அவனுக்குள் என்ன உடைந்தது என்று காட்ட வேண்டாமா? ஒரு போதைப் பொருளின் மேல் பழியைப் போட்டால் போதுமா? 2004ல், அது மேக்னீட்டோவே இல்லை, வேறு ஒருவன் வேஷம் போட்டது என்று இன்னொரு இதழில் சொல்லி மூடினீர்கள். அந்தப் படங்களைப் பார்த்த கண்களிலிருந்து அதை எப்படி எடுப்பீர்கள்? அது ஒரு கதாபாத்திரத்தின் கடந்த காலம் மட்டும் இல்லை. அதை வாழ்ந்து மீண்ட மனிதர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள், சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

காமிக்ஸ்தானே, இதற்கு இவ்வளவா என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்தால் இந்த மடலை இங்கேயே வைத்துவிடலாம். ஆனால் நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் லெஃப்டி டோனவனை அனுப்பிப் பார்த்த அந்த முகமூடிக்காரனையும், அப்பாவின் பொம்மையோடு பேசிய ஹாலையும், கிட்டியை மடியில் வைத்துக்கொண்டவரையும் வெளியிட்டவர்கள் நீங்கள்தான்.

நான் கேட்பது இவைதான். முகமூடி போட்ட ஒரு வில்லனை அறிமுகப்படுத்தும் முன் அவன் யார், அவனுக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, எழுத்தாளரும் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து மூடுங்கள். அந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை என்றால் முதல் இதழை அச்சுக்கு அனுப்பாதீர்கள். எழுத்தாளர் நடுவில் போனால் அந்த உறை அடுத்தவரிடம் போக வேண்டும், அவருக்கு அது பிடிக்காவிட்டால், முடித்துவிட்டுப் போகப் பழையவருக்கே இரண்டு இதழ் கொடுங்கள். விஷயம் கசிந்தால் கசியட்டும், கதையை மாற்றாதீர்கள். ஒரு ஹீரோவை வில்லனாக்க வேண்டும் என்றால் குறைந்தது ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வருடத்தில் அவர் எடுக்கும் ஒவ்வொரு தவறான முடிவும் அப்போதைக்குச் சரி என்று எங்களுக்கும் தோன்ற வேண்டும். ஒருவன் கெட்டவன் என்பதைக் காட்ட ஒரு பெண்ணின் உடலைத் தவிர வேறு வழி தெரியாத கதையைத் திருப்பி அனுப்புங்கள். குளோன், சாத்தான், உள்ளே புகுந்த ஜந்து, வேஷம் போட்டவன், இந்த நான்கையும் பழைய தவறைத் துடைக்கப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். தவறு நடந்தால் தவறு என்று ஆசிரியர் பக்கத்தில் எழுதுங்கள், நாங்கள் மன்னிப்போம்.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்தக் கதைகளைத் தடித்த தொகுப்புகளாக மறுபதிப்புச் செய்கிறீர்கள், நாங்கள் மறுபடியும் வாங்குகிறோம். அவற்றின் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, முதலில் என்ன திட்டம் இருந்தது, எப்போது மாறியது, ஏன் மாறியது என்று நேர்மையாக அச்சடியுங்கள். கிண்ட்ரெட் தொகுப்பிலிருந்தே தொடங்கலாம். என் நண்பரின் நோட்டு இன்னும் அவருடைய அலமாரியில்தான் இருக்கிறது, பாதிக்கு மேல் எழுதாத பக்கங்கள். அவர் எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு வசனத்தையும் இதழ் எண்ணோடு தட்டச்சு செய்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். அவற்றில் எவை துப்பாக எழுதப்பட்டவை, எவை சும்மா எழுதப்பட்டவை என்று மட்டும் பக்கத்தில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாசகன்